நடு ஸ்பீக்கர்

1964-இல் உறவினர் பலர் அகதிகளாகக் கப்பலேற, நாங்கள் லான்மடாவிலேயே தங்கிவிட்டோம். அம்மாவுக்கு இப்போது காது மந்தம். ரங்கூனிலிருந்து ஊர் திரும்பும் அண்ணன்மார் கதையான 'பராசக்தி' (1952) பார்க்கையில், "வசனம் புரியலையேப்பா" என்றார்.

எங்கள் ஹோம் தியேட்டரின் நடு ஸ்பீக்கர் அலமாரி அடித்தட்டில் உள்ளே தள்ளிக் கிடந்தது. வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும். பழைய படத்தின் ஒலி ஒற்றைத் தடம். புரோலாஜிக் முறையில் முழுதும் நடுவிலேயே வரும்.

ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து, முன்பக்கம் உயர்த்தி, அம்மாவின் காதை நோக்கி வைத்தேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை சப்வூஃபருக்கு விட்டேன். புதிய படங்களுக்கு நடு ஒலியை மட்டும் 3 டெசிபல் கூட்டினேன்.

புதிதாக வாங்குவோர் பக்க ஸ்பீக்கர்களின் கம்பெனியிலேயே, அதே வரிசையில் வாங்குங்கள், குரல் மாறாது.

"இப்போ கேட்குதுப்பா" என்றார் அம்மா. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் செய்து பாருங்கள்.