கருவிக் கொடை

தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை மலைநாட்டு நேயர்கள் நன்கறிவர். 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அந்நிலையம் ஆற்றிய தொண்டுகளுள் ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. 1946 ஆம் ஆண்டில் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைப் பற்றியது. பறித்தற்குரிய இளங்கொழுந்தே அந்நோய்க்கு இரையாயிற்று. ஒவ்வொரு தோட்டமும் தன் மலையில் தனித்தனியே மருந்து தேடியிருக்குமாயின் பயிர் பிழைத்திருக்குமா? நோயுற்ற இலையை ஆய்வாளர் ஆராய்ந்தனர். செம்பு கலந்த மருந்தைத் தெளிக்கும் முறை வகுக்கப்பட்டது. ஓரிடத்தில் தெளிந்த அறிவு எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவாயிற்று. இலையைக் கையிற் கொள்ளாதவர் மருந்து காண இயலாது என்பதே இதில் அடங்கிய பாடம்.

இப்பாடம் இன்று தோட்டப் பாடசாலைகளின் கணினி அறைக்கும் பொருந்துகின்றது. கணினியோடு ஓர் அச்சுப்பொறியை இணைத்துவிட்டால் மட்டும் அது அச்சிட்டுவிடாது. கணினியின் கட்டளையை அப்பொறி அறியும் மொழியில் எடுத்துரைக்கும் சிறு மென்பொருள் ஒன்று இடையே வேண்டும். அதனை இயக்கி என்பர். இரு மொழியாளர் நடுவே நிற்கும் துபாசி போன்றது அது. துபாசி இல்லையேல் பழுதேதுமற்ற பொறியும் ஊமையாகிவிடும். தவணைப் பரீட்சைக்கு வினாத்தாளும் கிடைக்காது.

பொறியைச் செய்த நிறுவனம் சில ஆண்டுகளில் அதற்குப் புதிய இயக்கி எழுதுவதை விட்டுவிடுகின்றது. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்குத் தான் அளித்துவந்த பொதுவான ஆதரவை 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதி நிறுத்தியது. அடுத்துவந்த விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. நன்கொடையாகப் பெற்ற கணினிகளைக் கொண்டே பாடம் நடத்தும் பாடசாலைக்கு இது சிறு செய்தியன்று. அக்கணினிகளுக்கு வாழ்வளிக்கவல்லது லினக்ஸ் முதலான திறந்த மூல மென்பொருள். அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். அதற்குரிய இயக்கிகளில் ஒரு பகுதியை நிறுவனங்களின் பொறியியலாளர் எழுதுகின்றனர். மற்றொரு பகுதியை ஊதியம் கருதாத தொண்டர் எழுதுகின்றனர். தொண்டர்க்குப் பெருந்தடை யாது? அறிவுக்குறைவு அன்று, கருவி கையில் இல்லாமையே.

இதற்கு லினக்ஸின் பிறப்பே சான்று. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21 ஆம் வயதில், 1991 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆம் திகதி தம் முயற்சியை உலகுக்கு அறிவித்தார். தம்மிடம் இருந்த வகை வன்தட்டைத் தவிர வேறெதிலும் அது ஒருகாலும் இயங்காமற் போகலாம் என்று அப்போதே கூறிவிட்டார். அவரிடம் இருந்தது அவ்வளவே. 1994 ஆம் ஆண்டில் டிஜிட்டல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் ஹோல் என்பவர், அல்பா என்னும் புதுவகைக் கணினியொன்று டோர்வால்ட்ஸின் கைக்குக் கிடைக்கச் செய்தார். அடுத்த ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் பதிப்பு அவ்வகைக் கணினியிலும் இயங்கியது. ஒரே இனக் கணினிக்கென எழுதப்பட்ட மென்பொருள் பல இனங்களுக்கும் உரியதாக விரிந்ததில் அக்கருவிக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று லயத்து வீட்டில் ஒலிக்கும் அன்ட்ரொயிட் தொலைபேசிக்கும் அடித்தளம் அந்த லினக்ஸே. 2007 ஆம் ஆண்டில் கிரெக் குரோ-ஹார்ட்மன் என்னும் அறிஞர், கருவியைப் பற்றிய விவரங்களைத் தரும் எந்நிறுவனத்துக்கும் இயக்கியை இலவசமாக எழுதித் தருவதாக அறிவித்துத் தொண்டரைத் திரட்டினார்.

ஆயினும் ஓர் ஐயம் எழுவது இயல்பு. தன் பசிக்கே போதாதவன் பிறர்க்கு எவ்வாறு இடுவான்? இருக்கும் கணினிகளே போதாதபோது தோட்டப் பாடசாலை யாருக்குக் கொடுக்கும்? கேள்வி நியாயமானதே. கொடுக்கவேண்டியது பாடசாலையன்று, பாடசாலைக்குக் கொடுக்க முன்வருவோரே. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கற்றுக் கொழும்பிலும் கடல் கடந்தும் வாழ்வோர், பழைய பாடசாலைக்குக் கருவிகள் அனுப்புதல் உண்டு. வங்கிகளும் தோட்ட நிறுவனங்களும் தாம் மாற்றிய கருவிகளைக் கொடுப்பதுண்டு. அத்தகையோர் ஒரே வகைக் கருவி பத்தை வழங்கும்போது, ஒன்பதைப் பாடசாலைக்கும் ஒன்றை இயக்கி எழுதுவோர்க்கும் ஒதுக்கலாகாதா? ஒன்பதும் ஊமையாகாமற் காப்பது அந்தப் பத்தாவதே. எழுதப்பட்ட இயக்கியோ அந்த ஒன்பதோடும் நில்லாது. அதே கருவியுள்ள உலகின் எப்பாடசாலைக்கும் பயன்படும்.

எழுத வல்லோரைத் தேடி நெடுந்தொலை செல்லவும் வேண்டா. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இந்நாட்டைத் தாக்கியபோது, இலங்கைத் தொண்டர் சகானா என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். பின்னர் அது பிறநாட்டு இடர்க்காலங்களிலும் உதவிற்று. மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர் திறந்த மூலத் துறையில் உலக அளவில் பெயர் பெற்றவர்கள்.

கொடுப்பதற்கும் முறையுண்டு. பழுதாகி மூலையிற் கிடப்பதைத் தள்ளிவிடுதல் கொடையன்று. யாருக்கு எக்கருவி வேண்டும் என்று முதலிற் கேட்டறிதல் வேண்டும். இயங்கும் நிலையிலுள்ள கருவியை, அதன் வடங்கள், மின்வழங்கி, கைந்நூல் ஆகியவற்றோடு அனுப்புதல் வேண்டும். வகை எண்ணைப் பிழையின்றிக் குறித்தல் வேண்டும். ஒரே பெயரில் விற்கப்படும் இரு பொறிகளின் உள்ளே வெவ்வேறு சில்லுகள் இருத்தல் உண்டு. பின்னொருநாள் திருப்பிக் கேட்டலும் ஆகாது. பணிசெயல் முறைமை மாறுந்தோறும் இயக்கியை மீண்டும் சோதிக்க அக்கருவி வேண்டும். இயக்கி வந்தபின் அதனைப் பாடசாலையில் இயக்கிப் பார்த்து, நேர்ந்த குறைகளைத் தெளிவாக எழுதியனுப்புதல் மாணவரும் செய்யத்தக்க தொண்டு.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அமுதசுரபி, அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். மணிபல்லவத்தில் மணிமேகலை கையை அடைந்த அப்பாத்திரத்தில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை. அதன் பின்னரே பசித்தோர் அனைவர்க்கும் அது உணவு சுரந்தது. தொண்டர் எழுதும் இயக்கியும் எத்தனை பேர் எடுப்பினும் குறைவதில்லை. ஆனால் எவரேனும் முதலில் ஒரு கருவியை இடவேண்டும். மலைநாட்டுச் சிறார் தம் பாடங்களைக் கணினியில் தொடர்ந்து கற்க விரும்புவோர்க்கு இயலாத செயலன்று இது.