குச்சி பிடிக்கும் கை



இலக்கியம் படிக்கும் மாணவரிடம் குறிஞ்சி நிலத்துக்குரிய பறை யாது என்று கேட்டால் தொண்டகப்பறை என்று உடனே விடை வரும். முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று மற்றவற்றையும் ஒப்புவிப்பர். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் ஒரு நிலத்தின் கருப்பொருளாக வைத்தவர் தொல்காப்பியர். ஒரு நிலத்து மக்களை அறிய வேண்டுமாயின், அவர்கள் எதை உண்கிறார்கள் என்பதோடு எதைக் கொட்டுகிறார்கள் என்பதையும் அறிய வேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

நான் கண்டியிலே இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவன். என் வகுப்பிலே கணிசமானோர் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகள். தொண்டகப்பறையை அவர்கள் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. ஆனால் அவர்கள் பிறந்த குறிஞ்சியிலே இன்றும் ஒலிக்கின்ற பறை ஒன்று உண்டு. அதன் பெயர் தப்பு. அந்தப் பெயர் வகுப்பிலே எழுந்தால் பின் வாங்கிலிருந்து ஒரு சிரிப்பொலி வரும். இரண்டொரு பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வர்.

தப்பின் வரலாற்றைச் சொல்ல நான் வரவில்லை. அதற்கு அறிஞர்கள் இருக்கிறார்கள். குச்சியை எப்படிப் பிடிப்பது என்ற மிகச் சிறிய விடயத்தையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கல்லூரி மைதானத்திலே பிற்பகல்களில் பாண்ட் வாத்தியப் பயிற்சி நடக்கும். சைட் ட்ரம் பழக வருகிற பையனுக்கு முதல் நாளிலே ட்ரம்மைக் கொடுப்பதில்லை. குச்சியை மாத்திரம் கொடுப்பார்கள். அடிப்புறத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் குச்சியை நிறுத்த வேண்டும். மற்ற விரல்கள் சும்மா அணைத்திருக்க வேண்டும். வலக்கைக்கு இது. இடக்கைக்கோ வேறு விதி. உள்ளங்கை மேல் நோக்கியிருக்க, பெருவிரலின் அடிச் சந்தில் குச்சியைச் செருகி, மோதிர விரலின் மேல் படுக்க வைக்க வேண்டும். சோறு அள்ளுகிற பாவனையிலே அந்தக் கை இருக்கும்.

இரு கைகளுக்கும் ஏன் இந்த வேறுபாடு? அக்காலத்துப் படைவீரன் ட்ரம்மைத் தோளிலிருந்து தொங்கவிட்டு நடந்தான். அது இடது தொடையிலே சாய்ந்து கிடந்தது. சாய்ந்த தோலை அடிக்க இடக்கை திரும்ப வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் தாங்கியின் மேல் ட்ரம் சமமாக அமர்ந்துவிட்ட பின்னரும் அந்தப் பிடி போகவில்லை. இரு கைகளும் ஒரே மாதிரிப் பிடிக்கும் முறை பரவலாகிவிட்ட போதிலும், பழைய பிடியை விடாத பெரிய கலைஞர்கள் உலகெங்கும் உள்ளனர். ஒரு பட்டாளத்தின் நடை ஒரு விரலின் மடிப்பிலே தங்கிவிட்டது. இலக்கணத்திலே 'மரபு' என்று நாம் கற்பிப்பது இதைத்தானே!

பிடி சரியானால் பாடம் தொடங்கும். வலது, இடது, வலது, இடது. பின்னர் வலது வலது, இடது இடது. அதன் பின்னர் வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. இப்படிப்பட்ட அடிப்படை அடிகள் 40ஐச் சருவதேசத் தாளவாத்தியக் கலைஞர் சங்கம் ஒன்று 1984இல் பட்டியலாக்கி வைத்தது. நமது மிருதங்கச் சொற்கட்டுகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இராது.

ட்ரம் செட் என்கிற கூட்டு வாத்தியத்திலே காலுக்கும் வேலை உண்டு. 1909இல் லுட்விக் என்ற அமெரிக்கக் கலைஞர் நல்லதொரு பெடலைச் செய்து கொடுத்த பின்னர், பெரிய ட்ரம்முக்கென்று தனியாக ஓர் ஆள் தேவையில்லை என்றாயிற்று. பெடலைப் பொருத்துவதும் ஒரு பாடமே. இருக்கையின் உயரம், தொடை முழங்காலை நோக்கிச் சற்றே சரிந்து இருக்கும்படி அமைய வேண்டும். பாதம் பலகையின் மேல் நேராகக் கிடக்க வேண்டும். சுருள்வில் அதிகம் இறுகினால் கணுக்கால் நோகும். தளர்ந்தால் அடிக்கும் தடி திரும்பி வராது. புதிதாகப் பழகுபவன் தடியைத் தோலிலே அழுத்தியபடியே வைத்திருப்பான். ஒலி அங்கேயே செத்துவிடும். அடித்ததும் திரும்ப விட வேண்டும். கைக் குச்சிக்கும் இதே விதிதான். இறுகப் பிடித்தால் குச்சி துள்ளாது, பிடிக்காவிட்டால் கையை விட்டுப் பறந்துவிடும்.

இனி நமது கண்டிக்கே வருவோம். எசல பெரஹராவிலே முழங்கும் வாத்தியங்களைக் கண்ணால் பாராமல், கையால் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதுண்டு. நடுவிலே பருத்து இரு முனையும் ஒடுங்கிய கெட்ட பெரய என்ற கண்டி மேளத்தை இரு கைகளாலும் வெறுமனே அடிப்பர். தம்மெட்டம் என்ற இரட்டைச் சிறு மேளத்துக்கு நுனி வளையமாக வளைந்த இரண்டு குச்சிகள். தவுலுக்கோ ஒரு கையில் குச்சி, மறு கை வெறுங்கை. கையால் கொட்டுவது, குச்சியால் கொட்டுவது, இரண்டாலும் கொட்டுவது என்றே சிங்கள மாணவர்கள் தமது பாடசாலையில் இவற்றைப் பகுத்துப் படிக்கிறார்கள். தெளிவான பகுப்பு.

தவுலைப் பார்த்ததும் நமக்குத் தவில் நினைவுக்கு வரும். பெயரும் உறவு, உருவும் உறவு. ஆனால் கை மாறியிருக்கிறது. தவுற்காரர் வலக்கையில் குச்சி பிடிக்கிறார். நமது தவில் வித்துவானோ வலக்கை விரல்களுக்குக் கூடு மாட்டி, பூவரசங் குச்சியை இடக்கையில் வைத்துக்கொள்கிறார். தலதா மாளிகைக்கும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கும் இடையே நடந்து போகிற தூரந்தான். அந்தத் தூரத்திலே ஒரு குச்சி கைமாறிவிடுகிறது!

இன்னுமொன்று. தவுலும் தம்மெட்டமும் கொட்டும் குச்சிக்குச் சிங்களத்திலே 'கடிப்புவ' என்று பெயர். நமது சங்கப் பாடல்களில் முரசு அறையும் குச்சிக்குக் 'கடிப்பு' என்றே பெயர். குணில் என்றும் சொல்வர். இந்த இரண்டையும் நாம் பேச்சிலே மறந்துவிட்டோம். கடிப்பு என்றால் என்ன என்று எங்கள் மாணவர் உரைநூலைப் புரட்டுகிறார்கள். மாளிகை வாசலிலே மேளம் கொட்டுகிற சிங்களப் பையனுக்கு அது அன்றாடச் சொல்.

இப்போது தப்பு. வட்டமான மரச்சட்டம். மூன்று மரத்துண்டுகளைப் பொருத்தி, இரும்புப் பட்டையால் இணைத்துச் செய்வர். அதன் மேல் கன்றுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர். இடது தோளிலிருந்து வாரால் தொங்கும். இரண்டு குச்சிகள்; இரண்டும் ஒன்றல்ல. வலக்கையில் குட்டையான தடித்த குச்சி, அது அடிக்குச்சி. இடக்கையில் நீண்ட மெல்லிய மூங்கிற் சிம்பு. இடக்கைக்கு இரட்டை வேலை. சட்டத்தைத் தாங்கி நிற்கவும் வேண்டும், விரல்களால் சிம்பைச் சொடுக்கவும் வேண்டும். மணிக்கட்டை அசைக்க இடமில்லை. விரல்தான் எல்லாம். அடிக்குச்சி விழுந்தால் ஓர் ஒலி, சிம்பு விழுந்தால் ஓர் ஒலி, இரண்டும் கூடினால் இன்னோர் ஒலி. இந்த மூன்றை வைத்துக்கொண்டே பிறப்பு, இறப்பு, திருவிழா எல்லாவற்றுக்கும் தனித்தனி அடிகளைக் கட்டிவிட்டார்கள். மாசி மாதத்துக் காமன் கூத்திலே மதனுக்கும் ரதிக்கும் ஆட்டம் பிறப்பது இந்தக் குச்சிகளில். காலுக்குப் பெடல் இல்லை. அடிக்கிறவனே ஆடுகிறான். அவன் பாதம் மண்ணிலே கொட்டுகிறது.

எங்கள் பாண்டிலே சேர்ந்த ஒரு மாணவனின் இடக்கையைக் கண்டு பயிற்றுநர் ஒரு நாள் வியந்தார். மற்றவர்கள் கிழமைக் கணக்கிலே திணறும் இடத்தை இரண்டு நாளில் கடந்துவிட்டான். "முந்தி எங்கே பழகினாய்?" என்று கேட்டதற்கு, "எங்கேயும் இல்லை சேர்" என்றான். பிறகு நூலகத்தருகே தனியாக நின்ற என்னிடம் வந்து, "எங்க தாத்தா தப்பு அடிப்பாரு சேர். யாருக்கும் சொல்லாதீங்க" என்றான்.

அவன் அனுமதியோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கலஹாப் பக்கத்து லயம் ஒன்றுக்குப் போனேன். பெரியவர் பேசத் தயங்கினார். குச்சியைக் கையில் எடுத்த பிறகுதான் பேச்சு வந்தது. "இறுக்கிப் பிடிக்காதீங்க வாத்தியாரையா. குருவியைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க" என்றார். எங்கள் பயிற்றுநர் ஆங்கிலத்திலே நீட்டி விளக்கியதை அவர் ஒரு குருவியிலே முடித்துவிட்டார். "தோல் காயணும், கருகக் கூடாது" என்றும் சொன்னார். நெருப்புக்கு எவ்வளவு தூரத்தில் தப்பைப் பிடிப்பது, எந்த ஒலி வந்ததும் எடுப்பது என்று காட்டினார். அவருடைய மகன், அதாவது மாணவனின் தகப்பனார், தப்பைத் தொட்டதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகவே வாசலில் நின்று சொன்னார்: "எங்களை எப்படிக் கூப்பிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாது சேர்."

அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக எவருக்கும் உரிமை இல்லை. தப்பைச் சாதியின் அடையாளமாகத் தோளிலே மாட்டிவிட்டவர்கள் நாம்தாம். சாவு வீட்டிலே அடிக்கச் சொல்லி, எட்ட நிற்கச் சொன்னவர்களும் நாம்தாம். தோட்டத்துரைமாரோ வைகறையில் பிரட்டுக்கு ஆள் கூட்ட அதையே பயன்படுத்தினர். 1867இல் லூல்கந்துரவிலே தேயிலை பயிரான காலந்தொட்டு விரிந்த தோட்டங்களிலே, மக்களின் உறக்கத்தைக் கலைத்தது அவர்களுடைய வாத்தியமே. ஸி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற நெடுங்கவிதையின் தொடக்கத்திலேயே அந்த விடியற்காலை முழக்கத்தைக் கேட்கலாம். ஆகவே "அதைத் தூக்கி எறியுங்கள்" என்று சொல்கிற தகப்பனார் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. தமிழ்நாட்டிலும் சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் தன்மானத்தோடு மறுத்தார்கள். அதே பறையைக் கலையாக மேடையேற்றியவர்களும் தன்மானத்தோடுதான் ஏற்றினார்கள். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கியது. கடல் கடந்த தமிழ்ப் பிள்ளைகள் வார இறுதிகளில் பறை பழகுகிறார்கள்.

எனக்கோ கண்டியே போதிய சான்று. கெட்ட பெரயவும் ஒரு சாதியாரின் இராஜகாரியமாக, நிலத்துக்குப் பதில் செய்யும் ஊழியமாக இருந்ததுதான். அவர்களும் இழிவுபடுத்தப்பட்டவர்களே. இன்று எந்தச் சிங்களப் பிள்ளையும் அதைப் பாடசாலையில் கற்கலாம். 'தத், ஜித், தொங், நங்' என்ற நான்கு சொற்களில் பாடம் தொடங்குகிறது. பரீட்சை உண்டு, பட்டமும் உண்டு. சாதி இழிவு அதனால் முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வித்தைக்குப் பாடமும் ஆசிரியரும் புள்ளியும் வந்துவிட்டால், அது ஒரு வீட்டின் விதியாக இருப்பது நின்று, விரும்பியவர் கற்கும் பாடமாகிவிடுகிறது. தப்புக்கு அது கிட்டவில்லை. முழக்கத்தை ஒலிநாடாவில் பிடித்து வைக்கலாம்தான், ஆனால் சிம்பைச் சொடுக்கும் விரல் ஒலிநாடாவில் இல்லை. அந்தப் பெரியவரின் இடக்கையிலே இருக்கிறது. அவருக்கு எழுபதுக்கு மேல் வயது.

சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தை இளங்கோவடிகள் விரிவாகச் சொல்கிறார். பிற கருவிகளின் குறையை நிரப்பவும், மிகும் இடத்தில் அடக்கவும் அறிந்தவன் அவன் என்பது கருத்து. தப்புக்காரருக்கு அந்த இலக்கணம் பொருந்துமா என்று உயர்தர வகுப்பிலே ஒரு விவாதம் வைத்தேன். பொருந்தும் என்று முதலில் எழுந்து பேசியவன் அந்த மாணவனே. தாத்தாவைப் பற்றியும் தானாகவே சொல்லிவிட்டான். பின் வாங்கிலிருந்து அன்று சிரிப்பு வரவில்லை. ஒருவன் மாத்திரம், "எங்களுக்கும் பழக்குவாரா சேர்?" என்று கேட்டான்.

பெரியவரிடம் கேட்டோம். புதன்கிழமைப் பிற்பகல்களில் வரச் சம்மதித்திருக்கிறார். தப்பு கிடைக்கும் வரை பழைய டயர்த் துண்டிலே பழகலாம் என்றார். மூங்கிற் சிம்பு சீவித் தருவது அவர் பொறுப்பு. "தோலைக் காய்ச்ச நெருப்பு வேணுமே, பள்ளிக்கூடத்துக்குள்ள நெருப்பு மூட்ட விடுவாங்களா?" என்பதொன்றே அவருடைய கவலை. அதிபரிடம் விசாரித்தேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்திலே மூட்டலாம், காய்ந்த சருகாக இருக்கட்டும், புகை வகுப்புக்குள் வரக்கூடாது என்றார்.