விளையை ஒற்றி வைப்பதற்கு முன்



படிப்பை நம்பி மேலே வந்த மண் எங்கள் குமரி மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பெற்றது. அந்த நம்பிக்கையோடுதான் இன்று நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பி.காம். முடித்த பிள்ளைகள் கேட்கிறார்கள்: ஐரோப்பாவில் முதலீட்டு வங்கி வேலைக்குப் போக மாஸ்டர்ஸ் படித்தே ஆக வேண்டுமா? நிறுவனங்களுக்குப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டித் தருவதும், ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது விலை மதித்துப் பேசி முடிப்பதும் இந்த வங்கிகளின் தொழில். சம்பளம் பெரிது, அதனால் ஆசையும் பெரிது. ஆனால் லண்டனின் முன்னணிக் கல்லூரிகளில் நிதியியல் மாஸ்டர்ஸுக்குக் கட்டணம் மட்டுமே 40,000 பவுண்டைத் தாண்டுகிறது. கல்விக் கடன் ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் வங்கிகள் வழக்கமாகச் சொத்து ஈடு கேட்கும். விளை என்று நாங்கள் சொல்லும் தோப்பையோ வீட்டையோ எழுதிக்கொடுத்து எடுக்கும் முடிவு இது என்பதால் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். வங்கி முதலில் பார்ப்பது பட்டத்தை விட இன்டர்ன்ஷிப்பைத்தான். எந்த மாஸ்டர்ஸ் அந்த இன்டர்ன்ஷிப்புக்கு வழிவிடுகிறதோ, அதற்கு மட்டுமே கடன் வாங்கலாம் என்பது என் கருத்து.

ஐரோப்பா என்று ஒரே பெயரில் சொன்னாலும் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. லண்டனில் மூன்றாண்டு இளநிலைப் படிப்போடு வேலைக்கு எடுப்பது சாதாரணம். வரலாறு படித்தவரும் இயற்பியல் படித்தவரும் சேர்கிறார்கள். முதலாண்டு மாணவர்களை வசந்த காலத்தில் சில நாள் வங்கிக்குள் அழைத்துத் தொழிலைக் காட்டுகிறார்கள். இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் இன்டர்ன்ஷிப். அதில் தேறியவருக்குக் கடைசி ஆண்டு தொடங்குமுன்பே வேலை உறுதியாகிவிடும். பாரிஸ், பிராங்க்பர்ட், மிலான் நகரங்களிலோ மாஸ்டர்ஸ் இல்லாத விண்ணப்பதாரரைக் காண்பது அரிது. இதை வங்கிகள் விதியாக வகுக்கவில்லை, பழைய படிப்பு முறையிலிருந்து வந்த வழக்கம் இது. ஜெர்மனியின் பழைய டிப்ளோம் படிப்பே ஐந்தாண்டு அளவுக்கு நீண்டது. பிரான்சின் கிராண்ட் எகோல்கள் எனும் உயர்தரக் கல்லூரிகளுக்கோ பெரும்பாலும் ஈராண்டு ஆயத்தப் படிப்பு படித்து, நுழைவுத் தேர்வு எழுதிப் போக வேண்டும். 1999-இல் ஐரோப்பிய நாடுகளின் பொலோனா பிரகடனம் வந்து இளநிலை, முதுநிலை என்று படிப்பைப் பிரித்தபோது, அந்தப் பழைய ஐந்தாண்டு எதிர்பார்ப்பு மாஸ்டர்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. அந்நகரங்களில் வாடிக்கையாளரோடு பேச பிரெஞ்சோ ஜெர்மனோ இத்தாலியனோ சரளமாக வர வேண்டும். ஆங்கிலத்திலேயே படித்து முடித்த மாஸ்டர்ஸ் அந்தக் குறையை நிரப்பாது.

நம் பிள்ளைகள் அதிகம் அடிபடுவது காலக் கணக்கில். பிரிட்டனில் மாஸ்டர்ஸ் பெரும்பாலும் ஓராண்டு. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும். அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்களோ அதற்கு முன்பே, ஆகஸ்டு வாக்கில், திறக்கத் தொடங்கிவிடும். இடம் நிரம்ப நிரம்ப மூடிவிடுவார்கள். விமானம் இறங்கி, அறை தேடி, வங்கிக் கணக்கு தொடங்கி நிமிர்வதற்குள் பல கதவுகள் அடைபட்டிருக்கும். அதிலும், இன்டர்ன்ஷிப் முடித்துத் திரும்பிப் படிக்க இன்னோர் ஆண்டு பாக்கி இருப்பவரையே சில வங்கிகள் எடுக்கும். ஓராண்டு மாணவருக்கு அந்தப் பாக்கி கிடையாது. ஐரோப்பிய நிலப்பரப்பின் ஈராண்டுப் படிப்புகளில் நடுவே ஒரு கோடை கிடைக்கிறது. பிரான்சில் படிப்பை ஓராண்டு நிறுத்தி, ஆறு மாத இன்டர்ன்ஷிப் இரண்டு செய்வது மாணவர்களிடையே வழக்கமாகவே இருக்கிறது. பெரிய கட்டணத்தைக் கட்டிவிட்டு இந்த அவகாசத்தை இழப்பவருக்குப் பட்டம் மட்டும் மிஞ்சும். படித்தபின் தங்கி வேலை தேடும் பிரிட்டன் விசாவும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு இரண்டு ஆண்டிலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைகிறது. கடனின் வட்டி அப்படிக் குறைவதில்லை.

பார்க்லேஸ் வங்கியின் தலைமை நிர்வாகியாக 2021 முதல் இருக்கும் கோயம்புத்தூர் எஸ். வெங்கடகிருஷ்ணன் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டமே வாங்கியவர்தானே என்று கேட்கலாம். உண்மைதான். அவரிடமிருந்தது ஆழமான கணிதப் பயிற்சி. ஓராண்டில் முடித்துவரும் படிப்புக்கு அவரைச் சான்று காட்டுவது பொருந்தாது. நாகர்கோவில் பி.காம். பட்டதாரிக்கு மாஸ்டர்ஸை விட்டால் வேறு வாசல் ஏது என்பது இதைவிட வலுவான மறுப்பு. இதை நான் பெருமளவுக்கு ஏற்கிறேன். நம் கல்லூரிகளுக்கு லண்டன் வங்கிகள் ஆள் எடுக்க வருவதில்லை. விசாவும் வேண்டும். ஆக, நம்மவர்க்கு மாஸ்டர்ஸ் தேவைப்படலாம். பட்டம் முடித்த கையோடு, கிடைத்த கல்லூரியில், ஏஜென்ட் சொன்ன ஊரில் சேர்வதைத்தான் வேண்டாம் என்கிறேன். எங்கள் மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் 1984-இல் பணியில் சேர்ந்து, பிறகே கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். படித்து 1989-இல் முதலிடத்தில் தேறினார். துறை வேறென்றாலும், வேலை முதலில், படிப்பு பிறகு என்ற அந்த வரிசை நமக்குப் பயன்படும். பார்க்லேஸும் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டும் சென்னையில் பெரிய அலுவலகங்கள் நடத்துகின்றன. அங்கிருந்து லண்டனில் வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசும் முன்வரிசை வேலைக்கு மாறுவது எளிதென்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மூன்று ஆண்டு வேலையோடும் நிதிப் பகுப்பாய்வாளருக்கான சி.எஃப்.ஏ. தேர்வின் முதல் கட்டத்தோடும் விண்ணப்பிப்பவரை நல்ல கல்லூரியும் கவனிக்கும். சேமித்த பணம் கடனையும் குறைக்கும்.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் காலக் கணக்கைச் சொல்ல அப்பாவோ மாமாவோ அந்தத் தொழிலிலேயே இருப்பார். நம் பிள்ளைக்கு அப்படி யாருமில்லை. அந்த இடத்தில் நிற்க, இங்கே கூடியிருக்கும் சங்க உறுப்பினர்களாகிய உங்களால் முடியும். நிதித்துறையில் வேலை பார்ப்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். எந்த வங்கி எந்த மாதம் விண்ணப்பம் திறக்கிறது, ஓராண்டு மாஸ்டர்ஸ் மாணவரை எது எடுக்கிறது, உள்ளூர் மொழி எங்கே கட்டாயம் என்று தமிழில் ஒரு பட்டியல் எழுதி, ஆண்டுதோறும் ஜூன் மாதத்துக்குள் குமரி மாவட்டக் கல்லூரிகளின் வணிகவியல் துறைகளுக்கு அனுப்புங்கள். கல்லூரிக்கு ஒரு மாணவரின் சுயவிவரத்தையாவது படித்துத் திருத்திக் கொடுங்கள். இன்றைய கூட்டம் கலைவதற்குள் அதற்கு மூன்று பேர் பெயர் கொடுத்தால், வரும் ஜூனிலேயே தொடங்கிவிடலாம்.