பவளத்தை மூடும் பாசி

திருமலைராயன்பட்டினத்துக் கடலில் நின்று பவளத்திட்டைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். காவிரியின் கிளையாறுகள் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலால் நம் கரையோர நீர் கலங்கியே கிடக்கும். பவளமோ தெளிந்த நீரில், கதிரவன் ஒளி பட வாழ்வது. அதைக் காணத் தெற்கே மண்டபம் வரை செல்லல் வேண்டும்.

பவளம் கல்லன்று, கல்லைக் கட்டி அதனுள் குடியிருக்கும் சிற்றுயிர்களின் கூட்டம். அவ்வுயிரின் தசைக்குள்ளே கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசி தங்கி, ஒளியைக் கொண்டு உணவு சமைத்து வீட்டுக்காரனுக்கும் ஊட்டுகிறது. ஆகவே, பாசி என்றதும் பகை எனக் கொள்ளலாகாது. உள்ளே வாழும் பாசி பவளத்தை வளர்க்கிறது. மேலே படரும் பாசி ஒளியை மறைத்து அதனைக் கொல்லுகிறது.

பிரான்சில் குடியேறிய நம் ஊரார் ஒருவர், தம் இல்லத்தில் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளம் வளர்க்கிறார். தொட்டியெங்கும் மயிர்போன்ற பச்சைப் பாசி மண்டிவிட்டதாகவும், நீரைச் சோதித்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இல்லையென்றே காட்டுவதாகவும் எனக்கு எழுதியிருந்தார். இதில் வியப்பொன்றும் இல்லை. உணவை எல்லாம் பாசியே உண்டுவிட்ட பின் நீரில் எஞ்சுவது யாது? அன்றியும், தொட்டியிலுள்ள சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைத் தன்மேல் பிடித்துவைத்திருந்து, நீரில் அது குறையும்போது சிறிது சிறிதாக வெளிவிடும். ஆதலின், ஒருமுறை நீர் மாற்றியதும் பாசி ஒழிந்துவிடும் என எதிர்பார்ப்பது வீண். முதலில் கையால் பறித்து வெளியேற்றல் வேண்டும். மீனுக்கு இடும் தீனியைக் குறைத்தல் வேண்டும். உப்புக் கரைக்கக் குழாய்நீரை விடுத்துத் தூய்மையாக்கிய நீரையே கொள்ளல் வேண்டும். பாசி தின்னும் நத்தைகளைத் துணைக்கு விடலாம். இவ்வளவும் செய்தும் பல வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். மருந்து ஊற்றி ஒரே நாளில் அழிக்க முனைவதை நான் ஏற்பதில்லை. இறந்த பாசி அழுகி, மறுபடியும் பாசிக்கே உரமாகும்.

மாணவர்களே, இதைக் கேட்டு நீங்களும் பவளம் தேடிப் புறப்பட்டுவிட வேண்டா! 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் திட்டுக் கட்டும் பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன. கடலிலிருந்து அவற்றை எடுப்பது நம் நாட்டில் குற்றம்.

தொட்டியில் நத்தை செய்யும் வேலையைக் கடலில் ஓரா மீனும் கிளி மீனும் முட்கள் நீண்ட கடல் முள்ளெலியும் செய்கின்றன. மேய்வன மறைந்தால் என்னாகும் என்பதற்கு ஜமைக்காத் தீவே சான்று. அங்கே அளவுக்கு மீறி மீன் பிடித்தனர். 1980-இல் பெரும்புயல் அடித்தது. 1983-இல் நோய் கண்டு முள்ளெலிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 1970-களின் பிற்பகுதியில் கடற்றரையில் நூற்றுக்கு 52 பங்காயிருந்த பவளம், 1990-களின் தொடக்கத்தில் 3 பங்காயிற்று. பாசி 4 பங்கிலிருந்து 92 பங்காகப் பெருகிற்று.

நம் மன்னார் வளைகுடாவில் நேர்ந்தது வேறு வகை. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் குழைவாக்கும் கராஜீனன் என்னும் பொருளுக்காக, கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி 1984-இல் ஆய்வுக்கென இந்தியாவுக்குக் கொணரப்பட்டது. பின்னர்க் கடலோரப் பெண்கள் மூங்கில் தெப்பங்களில் கட்டி அதனை வளர்த்து ஊதியம் பெற்றனர். வாணிகத்தில் இறங்கிய நிறுவனத்தின் பெயரால் ‘பெப்சிப் பாசி’ என்றே அதனை அழைத்தனர். இப்பாசி விதையின்றி, முறிந்த துண்டிலிருந்தே தழைப்பது. 2005-இல் தமிழக அரசு இதன் சாகுபடியைப் பாக் விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தென்பகுதிக்கும் வரையறுத்தது. ஆயினும், 2008-இல் குருசடைத் தீவில் மான்கொம்புப் பவளங்களை அது போர்த்தியிருந்ததை ஆய்வாளர் அறிவித்தனர். வனத்துறையினர் முக்குளித்துக் கையால் பறித்தனர். எஞ்சிய துண்டுகளிலிருந்து அது மறுபடி முளைத்தது. இதனைப் பேரிடர் என்பது மிகை என்னும் அறிஞரும் உளர். பெண்களின் பிழைப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், பவளத்தை அடுத்துத் தெப்பம் கட்டலாகாது என்பதே என் கருத்து. பிழைப்புக்கு வேறு கடற்பரப்பு உண்டு. அங்குள்ள பவளத்துக்கு வேறு இடமில்லை.

தொட்டியிலிருந்தே கடலுக்குத் தீங்கு சென்றதும் உண்டு. காட்சித் தொட்டிகளில் அழகுக்காக வளர்த்த காலெர்ப்பா என்னும் பாசி, 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தின் அடியில், மத்தியதரைக் கடலில் ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் ஒரு ஹெக்டேர் ஆயிற்று. பின்னர் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவிற்று. அதே பாசி 2000-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் தோன்றியபோது, அங்குள்ளோர் காலந்தாழ்த்தாது தார்ப்பாய் போர்த்தி, உள்ளே குளோரின் செலுத்தி, 70 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு 2006-இல் ஒழித்தனர்.

ஆதலின், பிரான்சு நண்பருக்கு நான் எழுதிய விடையில் ஒன்றை அடிக்கோடிட்டேன்: பறித்த பாசியைச் சாக்கடையிலோ ஆற்றிலோ கொட்டாது, வெயிலில் சருகாகக் காயவைத்துக் குப்பையில் சேர்க்கவேண்டும். அழகு மீன் வளர்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும்; தொட்டி நீரை அரசலாற்றில் கவிழ்க்காமல், நன்னீராயின் வாழைக்கு ஊற்றுங்கள். வாழை செழிக்கும்.