நாரி நோ விதியல்ல

(கட்டடத் தச்சுத் தொழிலாளர், குடும்பத்தினர் மத்தியில் கிளிநொச்சியில் ஆற்றிய உரை)



மலையகத்தில் இடுப்பு வலி என்கிறோம். வன்னியில் நாரி நோ என்கிறார்கள். பெயர் இரண்டு, நோ ஒன்று. 1977, 1983 கலவரங்களுக்குத் தப்பித் தோட்டங்களிலிருந்து வந்து வன்னியில் குடியேறிய எங்கள் குடும்பங்களில் பலர் இன்று மேசன், தச்சு வேலை செய்கிறார்கள். போர் 2009இல் முடிந்த பிறகு இங்கே எழுந்த வீடுகளுக்குக் கூரை போட்டதும் நிலை பூட்டியதும் இப்படிப்பட்ட கைகள்தான்.

நாரி நொந்தால் "வயது போயிட்டுது" என்கிறோம். அப்படியானால் முப்பது வயதுத் தச்சுத் தம்பி காலையில் நிமிர முடியாமல் எழும்புவது ஏன்? வேலை செய்யும் விதம்தான் பெரிய காரணம். அலவாங்கு நீளக்கூடக்கூட அதன் விசை கூடும் அல்லவா? சுமையும் அப்படித்தான். உடம்போடு ஒட்டிப் பிடித்த முதிரைச் சட்டத்தையே கையை நீட்டிப் பிடித்தால் நாரி பல மடங்கு பாரம் தாங்க வேண்டும். குனிந்து, திரும்பித் தூக்கினால் இன்னும் மோசம்.

எல்லாம் வசதியாக அமைந்தாலும் ஒருவர் தூக்கும் சுமை 23 கிலோவைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. எங்கள் சீமெந்துப் பை 50 கிலோ.

என்ன செய்யலாம்? நிலத்தில் போட்டுச் சீவாமல் இடுப்பளவு உயரத்தில் மேசை அடியுங்கள். மரத்தைக் கல் வைத்து உயர்த்தி அடுக்குங்கள். நீளமான மரத்துக்கு இரண்டு பேர். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வையுங்கள். குனியும் வேலையையும் நிமிரும் வேலையையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

நோ வந்தால் நாட்கணக்கில் பாயில் கிடக்க வேண்டாம், முடிந்தளவு நடமாடுங்கள். கால் பலமிழந்தால், தொடையிடுக்கு மரத்தால், சிறுநீர் அடைத்தால் அல்லது தெரியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதெல்லாம் தெரிந்தாலும் கொந்தராத்து வேலையில் ஓய்வெடுத்தால் எங்கள் காசுதான் போகிறது. தனியொருவர் மெதுவாகச் செய்தால் அடுத்த வேலைக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். அதனால்தான் சேர்ந்து கேட்க வேண்டும். மேசைக்கும் உதவியாளுக்கும் உரிய காசு கூலியோடு சேர்த்துப் பேசப்பட வேண்டும். பாதுகாப்பான வேலையிடம் தொழிலாளரின் அடிப்படை உரிமை என்று சர்வதேச தொழில் அமைப்பு 2022இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

1934ஆம் ஆண்டிலிருந்தே தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் வேலையில்தான் அடிபட்டது என்பதற்கு ஆதாரம் வேண்டும். பெயர் பதியாமல், சம்பளத் துண்டு இல்லாமல் வேலை செய்தால் அதைக் காட்டுவது கஷ்டம். மரம் தூக்கும்போது நாரி பிடித்தால் அன்றே முதலாளிக்கு எழுத்தில் கொடுங்கள், டொக்டரிடம் என்ன வேலையில் வந்தது என்று சொல்லி எழுதுவியுங்கள், துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

தாய்மாரே, அந்தத் துண்டுகளை வீட்டில் காக்கப் போவது நீங்கள்தான். தோழர்களே, அடுத்த கொந்தராத்துக்குத் தலையாட்ட முன் மூன்று விஷயம் கேளுங்கள்: மேசை எங்கே? தூக்க ஆள் எங்கே? என் பெயர் எந்தப் புத்தகத்தில்? தனியே கேட்கப் பயமென்றால் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து கேட்போம்.