ரப்பர் மரத்தடியில் நின்றால் மின்னல் பாயாதா?



நான் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். பாட நூலில் அச்சிட்டிருக்கும் கேள்விகளைவிட, நூலை மூடிய பிறகு பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கே நான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் மின்சாரம் பற்றிப் பாடம் நடத்தினேன். செம்பு மின்சாரத்தைக் கடத்தும், ரப்பர் கடத்தாது என்று சொல்லி முடித்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்தான். "அப்படின்னா, சார், ரப்பர் மரத்தடியில் நின்றால் மின்னல் ஒன்றும் செய்யாதுதானே? மழை வந்தால் அம்மா அங்கேதான் நிற்பாங்க" என்றான்.

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாடத்தைக் கவனித்துக் கேட்டவன்தான் அவன். நான்தான் பாதியில் நிறுத்திவிட்டேன். நான் சொன்னது காய்ந்த ரப்பரைப் பற்றி. மங்கில் வடிகிற பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். தண்டிலும் வேரிலும் ஓடுவதும் உப்புகள் கரைந்த தண்ணீரே. அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் பாயும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். காற்றும் எளிதில் மின்சாரத்தைக் கடத்தாத பொருள்தான். கிலோமீட்டர் கணக்கில் காற்றையே பிளந்துகொண்டு வரும் மின்னலுக்கு, நாம் காலில் போட்டிருக்கும் பூட்சின் ரப்பர் எம்மாத்திரம்?

மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர்மேல் தாவக்கூடும். மரத்தைவிட மனித உடம்பு அதற்குச் சுலபமான வழி. மண்ணுக்குள் போன மின்சாரமும் சுற்றிலும் பரவி, ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கும். மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் சில வேளைகளில் கூட்டமாகச் செத்துக் கிடப்பது இதனால்தான். அவற்றின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுமி, "இடி விழுந்து மரம் செத்ததுன்னு சொல்றாங்களே, சார். இடி வெறும் சத்தம்தானே?" என்றாள். நல்ல கேள்வி. விழுவது மின்னல். அது போகும் பாதையிலுள்ள காற்று கண நேரத்தில் ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸ் சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு சூடு! அந்தக் காற்று வெடித்து விரியும் ஓசையே இடி. மரத்துக்குள் இருக்கும் நீரும் அப்படியே ஆவியாகிப் பட்டையைப் பிளக்கிறது. பாட்டிமார் இடிச் சத்தம் கேட்டதும் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பார்கள். சொல்லட்டும், தவறில்லை. ஆனால் சத்தம் காதில் விழும்போது அந்த மின்னல் இறங்கி முடிந்துவிட்டது. நாம் பயப்பட வேண்டியது அடுத்த மின்னலுக்கு.

அடுத்தது எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. போனது எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று மட்டும் கணக்கிடலாம். தண்டவாளத் துண்டில் பெரட்டு மணி அடிப்பதைத் தொலைவிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? சுத்தியல் முதலில் படும். ஓசை பிறகு வரும். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. ஒலியோ நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. ஆகவே மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க 3 நொடி ஆனால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தொலைவில் விழுந்திருக்கிறது.

30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் வேலையை நிறுத்திவிட வேண்டும். மழை இன்னும் வரவில்லையே என்று இருந்துவிடக் கூடாது. மழைக்கு வெகு முன்னாலும் மின்னல் விழும். சுவரும் கூரையும் உள்ள வீட்டுக்கோ, ஸ்டோருக்கோ, கதவு மூடிய லாரிக்கோ போய்விடுங்கள். நான்கு கம்பம் நட்ட திறந்த கொட்டகை போதாது. பால் கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு மரத்தடியிலேயே நிற்பதிலும் பயனில்லை. இரும்பு மின்னலை இழுப்பதில்லை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அதிகம். புல் வெட்டப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய மாதங்கள் இவை.

அந்த மாணவன் அடுத்த வாரம் என்னிடம் வந்தான். அம்மாவோடு சேர்ந்து எண்ணினானாம். எட்டு வந்தபோது இடி கேட்டதாம். "பாதிப் புல்லை அப்படியே போட்டுட்டு ஸ்டோருக்கு ஓடினோம், சார்" என்றான். அந்த மின்னல் எவ்வளவு தொலைவில் விழுந்தது? வீட்டில் எல்லோரும் சேர்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.