கத்திக்கு முன் ஊசி



அறுவை மருத்துவர்கள், நோயியல் வல்லுநர்கள், நுண்ணுயிரியல் துறையினர் எல்லோரும் இன்று ஒரே அரங்கில் அமர்ந்திருப்பது எனக்குப் பெரிய நிறைவு. கிரானுலோமா மார்பக அழற்சியை இவர்களில் ஒருவர் தனியாக நின்று கண்டுபிடித்துவிட முடியாது.

1972-இல் கெஸ்லரும் வோலோக்கும் இந்நோயை முதன்முதலில் விவரித்தபோதே, புற்றுநோய் போலத் தோற்றம் காட்டும் நோய் என்று கட்டுரைத் தலைப்பிலேயே எச்சரித்தார்கள். நம்மிடம் வருபவர் பெரும்பாலும் முப்பதை ஒட்டிய வயதுப் பெண். பிள்ளைக்குப் பால் மறக்கடித்துச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். மார்பில் கல்லாக ஒரு கட்டி. பால் கட்டியிருக்கிறது என்று வீட்டில் ஒத்தடம் கொடுத்திருப்பார்கள். பிறகு சீழ்க்கட்டி என்று எங்கோ கீறியிருப்பார்கள். கீறிய இடம் ஆறாமல் புரையோடிக் கசியும். ரவிக்கைக்குள் மடித்து வைத்த துணியை எடுக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தக் காட்சி எனக்குப் பழகவே இல்லை.

ஸ்கேன் படம் புற்றுநோயைச் சந்தேகிக்க வைக்கும். ஆகவே தடித்த ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை. அறிக்கையில் 'கிரானுலோமா' என்ற சொல்லைக் கண்டதும் காசநோய் மருந்தைத் தொடங்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. காசநோய் மிகுந்த நாட்டில் அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் இந்நோயில் அழற்சி பால் சுரக்கும் நுண்மடல்களை மையமிட்டு நிற்கும். காசநோயில் வழக்கமாகக் காணும் தயிர்க்கட்டி போன்ற திசு அழிவு இராது. காசநோய் மருந்தில் குணமாயிற்றே என்பதும் காசநோய்க்குச் சாட்சியாகாது. இந்நோயோடு தொடர்புடைய கோரினிபாக்டீரியம் குரோப்பென்ஸ்டெட்டி என்ற கிருமியையும் அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் தாக்கக்கூடியது. நோய் தானாகவே அடங்குவதும் உண்டு.

நுண்ணுயிரியல் நண்பர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். அந்தக் கிருமி கொழுப்பை விரும்புவது; சாதாரண வளர்ப்புத் தட்டில் மெதுவாகவே வளரும். தோலிலிருந்து வந்த கலப்பு என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். கூடுதல் நாள் வைத்துப் பாருங்கள்.

சிகிச்சையில் கருத்து வேறுபாடு உண்டு, அதற்காகவே கூடியிருக்கிறோம். லேசான நோயைக் கண்காணித்தபடி காத்திருக்கலாம். கடுமையானால், காசநோய் இல்லை என்று உறுதிசெய்து, சர்க்கரையைச் சோதித்து, ஸ்டீராய்டு கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கலாம். கட்டிக்குள்ளேயே ஊசியாகவும் போடலாம். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் உதவும். ஆனால் கருத்தரிக்கும் எண்ணம் உள்ளவருக்கு அது கூடாது. அகலமாக வெட்டி எடுப்பதைக் கடைசிக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெட்டிய பிறகும் நோய் திரும்பலாம். இழந்த வடிவம் திரும்பாது.

திசு அறிக்கை கைக்கு வந்த அன்றே அந்தப் பெண்ணை உட்காரவைத்து, "இது புற்றுநோய் இல்லை, அம்மா. ஆற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், கூடவே இருப்போம்" என்று சொல்லுங்கள். இந்த வேண்டுகோளோடு மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.